ஊட்டி இ-பாஸ், சுற்றுலாத் திட்டங்கள்: உள்ளூர் மக்களிடம் கருத்து கேட்பதை எப்படிச் சரியாகச் செய்வது?

மேட்டுப்பாதை (இழையைத் தொடங்கியவர்)

2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிந்து வாங்கும் இ-பாஸ் (நுழைவு அனுமதி) நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் கடைசி வரை உயர் நீதிமன்றம் எண்ணிக்கை வரம்பும் வைத்தது. ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மறுநாளே, ஏப்ரல் 2-ல், நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள்.

கடையடைப்பைப் பார்த்தவர்கள் "உள்ளூர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள்" என்கிறார்கள். மே மாதம் குன்னூர் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் நகராமல் நிற்பதைப் பார்த்தவர்கள் "உள்ளூர்க்காரர்கள் ஆதரிக்கிறார்கள்" என்கிறார்கள். இரண்டு பேருமே வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஊராட்சி, சுமார் 600 வீடு. காட்சிமுனை, வாகன நிறுத்தம், கடைவரிசை என்று ஒரு திட்டம் பேச்சில் இருக்கிறது. அது கிராம சபைக்கு வருவதற்குள் மக்கள் மனதில் இருப்பதை எண்ணிக்கையோடு எடுத்து வைக்க வேண்டும். கூகுள் படிவம் ஒன்று தயார். முதல் கேள்வி: "உங்கள் ஊரில் சுற்றுலா வளர்ச்சியை ஆதரிக்கிறீர்களா?" எத்தனை பேரைக் கேட்டால் போதும்? எங்கே தப்பு வரும்?

கணக்குப்பிள்ளை

முதலில் அந்தக் கூகுள் படிவத்தை விடுங்கள். அது வாட்ஸாப் குழுவில் சுற்றும், குழுவில் இருப்பவர் மட்டும் நிரப்புவார். கடைக்காரர், டிரைவர், காட்டேஜ் வைத்திருப்பவர், வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அதில் வரவே மாட்டார்கள். 500 பேர் நிரப்பினாலும் அது ஊர்க் கருத்து ஆகாது.

எண்ணிக்கைக்கு வருவோம். பெரிய ஊருக்கு 384 வீடு கேட்டால் 5 சதவீதம் முன்பின் பிழையோடு, 95 சதவீத நம்பகத்தில் விடை கிடைக்கும். சிறிய ஊருக்கு அவ்வளவு தேவையில்லை. 384-ஐ, "1 கூட்டல் 384 வகுத்தல் மொத்த வீடு" என்பதால் வகுக்க வேண்டும். 600 வீட்டுக்கு அது 1.64. ஆக 234 வீடு. கதவு பூட்டியது, பேச மறுத்தது என்று கழியும் என்பதால் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு என 300 வீட்டுப் பட்டியல் போடுங்கள்.

பட்டியலில்தான் பெரும்பாலான ஆய்வுகள் கெட்டுப்போகின்றன. வாக்காளர் பட்டியலில் கோவையிலும் பெங்களூரிலும் குடியிருப்பவர் பெயரும் இருக்கும். வீட்டுவரிப் பதிவேட்டை மட்டும் எடுத்தால் எஸ்டேட் லயன் வீடுகள் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) விட்டுப்போகும். ஒரு லயனில் பத்துக் குடும்பம் இருந்தாலும் பதிவேட்டில் எஸ்டேட் பெயரில் ஒரே வரியாக இருக்கலாம். நீலகிரியில் இது சின்ன விஷயம் அல்ல. இலங்கையிலிருந்து திரும்பிய மலையகக் குடும்பங்கள் பல அந்த லயன்களில் இருக்கின்றன. இரண்டு பேர் ஒரு நாள் ஊரைச் சுற்றி நடந்து, புகை வரும் ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு எண் போடுங்கள். அதுதான் பட்டியல்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைக் கேட்காதீர்கள். பகலில் பூட்டியிருப்பது இரண்டு பேரும் கூலிக்குப் போகும் வீடு. பக்கத்து வீட்டைச் சேர்த்தால் கடையும் ஓய்வூதியமும் உள்ளவர் கருத்து கூடிவிடும். இன்னும் இரண்டு தடவை போங்கள், அதில் ஒன்று மாலை ஆறு மணிக்கு மேல்.

வரப்புயர

கணக்கு அண்ணன் சொன்னதோடு சேர்த்து ஒன்று. முதல் கேள்வியே தவறு. "சுற்றுலா வளர்ச்சி" என்றால் ஒருவருக்கு மகளுக்குக் கிடைக்கும் வரவேற்பறை வேலை, இன்னொருவருக்கு வீட்டு வாசலில் நிற்கும் டெம்போ டிராவலர். இருவரும் "ஆமாம்" என்று சொன்னாலும் ஒரே பதில் ஆகாது.

தனித்தனியாக உடையுங்கள். பகலில் வந்து பகலிலேயே திரும்பும் வண்டி. ராத்தங்கல். உரிமையாளர் அதே வீட்டில் இருந்து நடத்தும் ஹோம்ஸ்டே. வெளியூர் முதலாளி வாங்கி ஆள் வைத்து நடத்தும் காட்டேஜ். அரசு கட்டும் காட்சிமுனை. இந்த ஐந்துக்கும் ஒரே ஆள் ஐந்து விதமாகப் பதில் சொல்வார், அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இன்னொன்று, ஐந்து படி அளவுகோல் வைக்கும்போது நடுவில் "பரவாயில்லை" என்ற சொல்லைப் போடாதீர்கள். ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்ப்பவர்கள் தவறாமல் செய்யும் பிழை இது. நம் பேச்சில் "பரவாயில்லை" என்றால் "நன்றாகத்தான் இருக்கிறது" என்றும் பொருள், "என்ன செய்வது, பொறுத்துக்கொள்கிறோம்" என்றும் பொருள். போக்குவரத்து நெரிசலைப் பற்றி ஒரு பாட்டி "பரவால்ல சாமி" என்றால் அதை எந்தக் கட்டத்தில் குறிப்பீர்கள்? "ரொம்ப நல்லது, நல்லது, சொல்லத் தெரியல, கெடுதல், ரொம்பக் கெடுதல்" என்று போடுங்கள். அவர் "பரவால்ல" என்றால் "நல்லதாங்க, பொறுத்துக்கிறீங்களா?" என்று ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்டுவிட்டுக் குறியுங்கள்.

வாக்கியங்களையும் ஒரே பக்கம் சாய்க்காதீர்கள். பத்தும் "சுற்றுலாவால் நன்மை" என்று இருந்தால், வந்தவர் மனம் கோணக்கூடாது என்று பத்துக்கும் தலையாட்டிவிடுவார்கள். ஐந்து அப்படி, ஐந்து இப்படி, கலந்து வையுங்கள்.

ஸ்டாண்டு டிரைவர்

டாக்ஸிக்காரர் எல்லாம் இ-பாஸுக்கு எதிரி என்று எழுதுகிறார்கள். அது பாதிதான் உண்மை. உள்ளூர் வண்டிக்குப் பாஸ் வரம்பு கிடையாது, பஸ்ஸிலும் மலை ரயிலிலும் வருகிறவர்களுக்கும் கிடையாது. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் இங்கே ஸ்டாண்டில்தான் வண்டி எடுக்க வேண்டும். கோவையில் ஏறி மூன்று நாளும் அதே வெளியூர் வண்டியில் சுற்றுகிறவரால் டீக்கடைக்குத்தான் வருமானம். இந்தக் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கேட்டால் உள்ளூர் வாடகை வண்டிக்காரர்களில் நிறையப் பேர் வெளியூர் வண்டி வரம்பை ஆதரிப்பார்கள். லாட்ஜ்காரர் நிலைமை வேறு. அறை காலி என்றால் அவருக்கு அன்றைக்குப் போச்சு. இரண்டையும் "சுற்றுலாத் தொழில் செய்பவர்" என்று ஒரே பெட்டியில் போட்டால் பதில் குழம்பும்.

பாஸில் உள்ளூர்க்காரருக்குக் கோபம் வருகிற இடங்களையும் தனியாகக் கேளுங்கள்:

டிஎன் 43 (நீலகிரிப் பதிவு எண்) இல்லாத வண்டி. நீலகிரியிலேயே குடியிருப்பார், செகண்ட்ஹேண்டில் வாங்கிய கோவை எண் வண்டி வைத்திருப்பார். முகவரி ஆதாரம், ஆர்சி எல்லாம் ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி உள்ளூர் பாஸ் வாங்க வேண்டும். இது தெரியாமல் ஒவ்வொரு தடவையும் சுற்றுலாப் பயணியாகப் பதிவு செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

ஊர் விசேஷம். கல்யாணம் என்றால் முன்கூட்டியே பதிந்துவிடலாம். சாவு வீட்டுக்கு வருகிறவர் ராத்திரி பதினோரு மணிக்கு ஓடிபி எடுத்து, தங்கும் இடம் நிரப்பி, கியூஆர் குறியீட்டோடு செக்போஸ்டில் நிற்க வேண்டும்.

காய்கறி வண்டி. விளைபொருள் ஏற்றிய வண்டிக்கு விலக்கு உண்டு. ஆனால் வரிசைக்கு விலக்கு இல்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு ஏறி வரும் காலி லாரியும் அதே வரிசையில்தான் நிற்கிறது. அது இரண்டு மணி நேரம் பிந்தினால் அடுத்த லோடு மறுநாள் ஏலத்துக்கு நேரத்தோடு போய்ச் சேராது. செக்போஸ்டில் தனித்தடம் போட்டாலே விவசாயிகளின் எதிர்ப்பில் பாதி தணியும்.

குடத்துநீர்

தண்ணீரை லிட்டரில் கேட்காதீர்கள். குடத்தில் கேளுங்கள். "போன ஏப்ரல், மே மாதத்தில் குழாய் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வந்தது? வந்தால் எத்தனை குடம்? ஐப்பசி, கார்த்திகையில் இந்த இரண்டும் எத்தனை?" இந்த நான்கு எண்கள் போதும். கருத்துக் கேள்விகளை இதற்குப் பிறகு வையுங்கள்.

எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கைப் பாருங்கள். விடுதிக்கு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு (ஐந்து நட்சத்திரம் என்றால் 320). ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை உள்ள காட்டேஜுக்கு 2,160 லிட்டர். குடம் 15 லிட்டர் என்றால் 144 குடம். கிராமத்தில் ஜல் ஜீவன் திட்ட அளவு ஆளுக்கு 55 லிட்டர், நான்கு பேர் வீட்டுக்கு 220. ஆக, நிறைந்திருக்கும் ஒரு சின்னக் காட்டேஜ் கிட்டத்தட்ட பத்து வீட்டுத் தண்ணீரைக் குடிக்கும். 600 வீட்டு ஊரில் இருபது காட்டேஜ் வந்தால் 200 வீடு கூடியதற்குச் சமம். ஊற்று அதேதான், தொட்டி அதேதான்.

கேள்வியைக் குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டால் இந்த எண்கள் கிடைக்காது. தண்ணீர் பிடிப்பவரைக் கேட்க வேண்டும். கருத்துக் கேள்விகளுக்கு, தேர்ந்தெடுத்த 300 வீட்டுக்கும் புதிதாக வரிசை எண் போட்டு, ஒற்றைப்படை எண் வீட்டில் ஆண், இரட்டைப்படை எண் வீட்டில் பெண் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போங்கள். வாசலில் வந்து நிற்பவரைக் கேட்பது என்று வைத்தால் பெரும்பாலும் ஆண்தான் வருவார். பெண்களைக் கேட்கப் பெண்ணே போகட்டும். படுகர் ஊர்களான ஹட்டிகளில் அவர்கள் மொழியான படுகு பேசத் தெரிந்தவர் போனால் திண்ணையைத் தாண்டி அடுப்படி வரைக்கும் பேச்சு போகும்.

பச்சைத்தேயிலை

அக்கா, கணக்கு சரி. ஆனால் பன்னிரண்டு படுக்கையும் வருடம் முழுக்க நிறையாது. வார நாளில் இரண்டு அறை போனால் பெரிது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பச்சைத்தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் பிழைக்க முடியாது. பறிகூலி, உரம், இலை ஏற்றிப்போகும் லீஃப் வண்டி வாடகை போனால் கையில் நிற்பது சொற்பம். பையன்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். ஊரில் வயதானவர்கள்தான் மிச்சம். இரண்டு அறையை விருந்தினருக்குக் கொடுத்து, களியும் அவரைக் குழம்பும் சமைத்துப் போடுகிற ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகாமல் இருக்கிறது. "சுற்றுலா வேண்டாம்" என்று சுலபமாகத் தீர்மானம் போட்டால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். பெரிய ரிசார்ட் வக்கீல் வைத்துக்கொள்ளும்.

வரப்புயர சொன்ன பிரிப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மத்திய அரசின் படுக்கை-காலை உணவுத் திட்டத்திலேயே அந்தக் கோடு இருக்கிறது. அதிகபட்சம் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். கேள்வித்தாளில் இதையே வரையறையாக எழுதுங்கள். "ஹோம்ஸ்டே" என்ற பலகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இன்று எல்லோரும் அந்தப் பலகையைத்தான் மாட்டுகிறார்கள்.

குடத்துநீர்

படுக்கை எப்போதும் நிறையாது என்பது உண்மைதாங்க, மறுக்கவில்லை. ஆனால் அது நிறைவதும் ஏப்ரல், மே மாதம்தான். ஊற்று இளைத்துக் கிடப்பதும் அதே மாதங்கள்தான். வருடச் சராசரி எடுத்தால் இந்த மோதல் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் மாதம் குறிப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

உங்களைப் போல இரண்டு அறை நடத்துபவரும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார். பெரிய காட்டேஜுக்கு லாரித் தண்ணீர் வரும், உங்களுக்கு வராது. ஆகவே தண்ணீர்க் கேள்வியில் நீங்கள் ஊரோடுதான் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சீகூர் சமவெளி

முதுமலையை ஒட்டிய மசினகுடிப் பக்கத்தை யாரும் தொடவில்லை. அங்கே கேட்கும் முறை முற்றிலும் மாற வேண்டும்.

2010-ல் யானை வழித்தட அரசாணை வந்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 27 விடுதிகளுக்கு சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14-ல் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பும் வந்துவிட்டது. ஜீப் ஓட்டுபவர், சமையலாள், துணி துவைப்பவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை போனது. இந்த நிலையில் வெளியிலிருந்து ஒருவர் காகிதமும் பேனாவும் கொண்டு வந்து "ரிசார்ட்டால் யானைக்குத் தொல்லையா?" என்று கேட்டால், கேட்பவர் வனத்துறையா, வருவாய்த்துறையா, ரிசார்ட் ஆளா என்பதுதான் கேட்கப்படுபவரின் முதல் யோசனை. பட்டா இல்லாத வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லவே மாட்டார். விடுதியில் வேலை செய்பவரை விடுதி வளாகத்தில் வைத்துக் கேட்பது அவருடைய பிழைப்பைப் பணயம் வைக்கிற செயல். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

பெயரும் கதவு எண்ணும் பதிலோடு ஒரே தாளில் இருக்கக் கூடாது. வீட்டுப் பட்டியல் தனி, பதில்தாள் தனி. பதில்தாளில் குலுக்கல் எண் மட்டும். கஷ்டமான இரண்டு மூன்று கேள்விகளை அவரே டிக் செய்து, மடித்து, பூட்டிய டப்பாவில் போடட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் புளியங்கொட்டை ஒன்று, வெள்ளைச் சோழி ஒன்று கொடுத்து, ஆமாம் என்றால் கொட்டையை, இல்லை என்றால் சோழியை டப்பாவில் போடச் சொல்லலாம். நன்றாக வேலை செய்யும் முறை.

இருளர், குறும்பர் ஊர்களில் வன உரிமைச் சட்டப்படியான கிராம சபை வேறு, ஊராட்சிக் கிராம சபை வேறு. முன்னதற்குக் குறைந்தது பாதி உறுப்பினர் வர வேண்டும், வந்தவரில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். ஊராட்சிக் கூட்டத்தில் போட்ட தீர்மானத்தைக் காட்டி "பழங்குடியினர் சம்மதித்துவிட்டார்கள்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பேரேடு

கிராம சபை நடைமுறை பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக.

வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் நாளைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. மே 1 தொழிலாளர் விடுமுறை, தோட்டத்து ஆட்கள் வருவார்கள். ஆனால் உச்ச சீசன், டிரைவரும் கடைக்காரரும் வர மாட்டார்கள். அக்டோபர் 2 இரண்டாம் சீசனும் பூஜை விடுமுறையும் சேரும் நேரம், அதே கதை. நவம்பர் 1 மழை. எல்லாத் தரப்பும் வரக்கூடியது மார்ச் 22. உலகத் தண்ணீர் தினம் என்பதால் தண்ணீர்தான் அன்றைய பேச்சு, உங்கள் குடக் கணக்கு அங்கே நன்றாகப் பொருந்தும். பிப்ரவரியில் வீடு வீடாகப் போய், மார்ச் முதல் வாரத்தில் விடைகளைக் கூட்டி முடித்துவிடுங்கள்.

ஏழு நாள் முன்னால் அறிவிப்பு வரும். அதற்கு முன்பே எழுத்தில் மனு கொடுத்து, பொருளைக் கூட்டப்பொருள் பட்டியலில் தனி எண்ணோடு சேர்க்கச் சொல்லுங்கள், ஒப்புகை வாங்குங்கள். "இதர பொருள்" என்பதில் போனால் கடைசி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபின் நீலகிரியில் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லாத காலத்தில் மனுவைத் தனி அலுவலரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் கொடுக்க வேண்டும்.

501 முதல் 3,000 மக்கள் உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர்) 100 பேர். உங்கள் 600 வீட்டு ஊர் அதற்குள் வரும். எங்கே ஏமாறுவார்கள் என்றால், வருகைப் பதிவேட்டில் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதுவது. தீர்மானத்தை அங்கேயே எழுதி, உரக்கப் படித்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்த பிறகே கலையுங்கள்.

"சுற்றுலாவை எதிர்க்கிறோம்", "வரவேற்கிறோம்" என்ற தீர்மானத்தை வைத்து எந்த அலுவலகமும் எதையும் செய்ய முடியாது. எண்ணோடு எழுதுங்கள். "ஏப்ரல், மே மாதங்களில் நான்கு நாளுக்கு ஒரு முறை குடிநீர் கிடைக்கும் நிலையில், கூடுதல் நீராதாரம் செய்யப்படும் வரை ஆறு அறைக்கு மேற்பட்ட விடுதிக்குக் குழாய் இணைப்பு தரக்கூடாது" என்பது போல. ஊட்டி, குன்னூர் போன்ற நகராட்சிகளில் கிராம சபை கிடையாது, பகுதி சபையில் வைக்க வேண்டும். முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியானால் ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் உண்டு, இதே எண்கள் அங்கேயும் பயன்படும்.

ஸ்டாண்டு டிரைவர்

ஒரு நல்ல உதாரணம் விட்டுப்போச்சு. 2022 மே மாதம் நீலகிரியில் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் முறை வந்தது. உடைந்த கண்ணாடி யானைக் காலையும் மாட்டுக் காலையும் கிழித்ததுதான் காரணம். ஸ்டிக்கர் கிழிந்த பாட்டிலை வாங்க மாட்டேன் என்கிற தகராறு நடக்கும். ஆனாலும் பயணி வீசிப் போகிற பாட்டிலை ஊர்க்காரர் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஒரு வண்டியைக்கூட நிறுத்தாமல் ஒரு பெரிய குறை குறைந்தது. ஆகவே "எது தொல்லை?" என்பதோடு நிறுத்தாமல் "என்ன செய்தால் இந்தத் தொல்லை தீரும்?" என்றும் ஒரு கேள்வி வையுங்கள். ஆட்களே வழி சொல்வார்கள்.

வரப்புயர

ரொம்பச் சரி. பழைய சுற்றுலா ஆய்வுகளில் 1975-லிருந்து ஓர் எரிச்சல் அளவுகோல் சொல்வார்கள்: முதலில் மகிழ்ச்சி, பிறகு பழகிப்போதல், பிறகு எரிச்சல், கடைசியில் பகை. ஊர் முழுக்க ஒரே படிக்கட்டில் ஒன்றாக ஏறுவது போல அது பேசுகிறது. நம் ஊர்களில் ஒரே தெருவில் நான்கு படியிலும் ஆட்கள் நிற்கிறார்கள். ஒரே சராசரி எண்ணாகப் போட்டால் எல்லோரும் நடுவில் நிற்பது போலத் தெரியும், அது பொய். விடைகளைப் பிரித்துப் போடுங்கள்: வருமானம் சுற்றுலாவிலிருந்து வரும் வீடு, வராத வீடு. சாலையோர வீடு, உள்ளே இருக்கும் வீடு. தண்ணீர் பிடிப்பவர், பிடிக்காதவர்.

கணக்குப்பிள்ளை

பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. 234-ல் டாக்ஸிக் குடும்பம் 30 தான் வந்தால் அந்த முப்பதின் பிழை வரம்பு 18 சதவீதம் முன்பின். "டாக்ஸிக்காரர்களில் 60 சதவீதம் ஆதரவு" என்றால் அது 42 ஆகவும் இருக்கலாம், 78 ஆகவும் இருக்கலாம். சிறிய குழுக்களைச் சதவீதத்தில் எழுதாமல் "30-ல் 18" என்று ஆள் கணக்கில் எழுதுங்கள். முடிந்தால் அந்தக் குழுவை மட்டும் முழுவதும் கேட்டுவிடுங்கள்.

மேட்டுப்பாதை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படிவத்தைத் திருத்திவிட்டேன். வீட்டுக் கணக்கெடுப்பு தை கடைசியில், லயன்களும் சேர்த்து. கேள்விகளின் வரிசை: குடக் கணக்கு நான்கு, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போகும் நேரம் சீசனில் எவ்வளவு, மற்ற நாளில் எவ்வளவு, வீட்டு வருமானத்தில் சுற்றுலாப் பங்கு பாதிக்கு மேலா, கீழா, இல்லையா, ஐந்து வகைச் சுற்றுலாவுக்குத் தனித்தனிப் படி, என்ன செய்தால் தொல்லை தீரும் என்று ஒரு திறந்த கேள்வி, கடைசியாகக் காட்சிமுனைத் திட்டம் பற்றி மடித்துப் போடும் சீட்டு. கேட்பவர் ஆறு பேர், நால்வர் பெண்கள், மூவருக்குப் படுகு தெரியும். 300 வீட்டை ஆளுக்கு ஐம்பதாகப் பிரித்தால், மறுபடி போவதையும் சேர்த்துப் பத்து நாள்.

குடத்துநீர்

கேட்கப் போகும்போது ஒரு குடத்தையும் ஒரு லிட்டர் அளவுக் குவளையையும் கையோடு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் குடம் 12 லிட்டரிலும் வருகிறது, 15-லும் வருகிறது, 18-லும் வருகிறது. அந்த வீட்டுக் குடம் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து குறிக்காவிட்டால் மொத்தக் கணக்கும் ஆடிப்போகும்.